ஏகமனதாக ஒரு மார்ச்

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கூட்டறிக்கையில் என் பெயர் எழுதப்பட்டிருந்தது. பாடசாலை அதிபர் இன்னும் வரவில்லை. செயலாளர் பேர்ணடெற் மிஸ், வடை வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போயிருந்தார். மேசையில் அறிக்கைக் கொப்பி திறந்து கிடந்தது. "முன்மொழிந்தவர்" என்பதற்கு எதிரே வெற்றிடம். "வழிமொழிந்தவர்" என்பதற்கு எதிரே, நீல மையில், மணிமணியான எழுத்தில்: செல்வி துஷ்யந்தி.

பேர்ணடெற் மிஸ்ஸைக் குறை சொல்லவும் முடியாது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் இந்த ஆண் பெண் கலவன் பாடசாலையின் பாண்ட் வாத்தியக் குழுவுக்கு ஆறு வருடங்களாக நான்தான் பொறுப்பாசிரியை. அந்த ஆறு வருடங்களில் கமிட்டிக் கூட்டங்களில் நான் வாய் திறந்து சொன்ன ஒரே சொல் அதுதான். போன கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்படும். யாராவது முன்மொழிவார். பிறகு எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். "வழிமொழிகிறேன்" என்பேன்.

இரண்டு வரி மேலே, போன கூட்டத்தின் தீர்மானத்தைப் படித்தேன். "இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடைக்கு வழமையான மார்ச்சையே வாசிப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

ஏகமனதாக. அந்த மனங்களில் என்னுடையதையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள்.

நான் புதிய மார்ச் ஒன்றைத் தேடி வைத்திருந்தேன். ஆகஸ்ட் விடுமுறை முழுவதும் வெள்ளவத்தையில் என் அறையில் இருந்து, ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி நிறுத்தி, இருபத்தாறு மார்ச்களைக் கேட்டேன். நான் இசைத்தாளை மேலிருந்து வாசிப்பதில்லை. மேலே ட்ரம்பெற்றும் கிளாரினெற்றும் இருக்கும். மெட்டு அவர்களிடம்தான். அவர்களுக்காகக் கவலைப்பட ஆட்கள் உண்டு. நான் கீழிருந்து தொடங்குவேன். ஹோர்ண் ஊதும் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? மூன்றாம் கிளாரினெற்றுக்கு என்ன? ஒரு பிள்ளை பதினாறு தாளக்கட்டுக்கு மேல் ஒரே சுரத்தைத் தள்ளிக்கொண்டு நிற்கவேண்டி வந்தால், அந்த மார்ச்சை ஒதுக்கிவிடுவேன். மிஞ்சியவை மூன்று. பிள்ளைகள் வாசித்துப் பார்த்துக் கையுயர்த்தி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ஆடி ஆடிப் போவதால் அதற்கு "ஊஞ்சல்" என்று பெயரும் வைத்தார்கள். அதன் நடுப்பகுதியில் ட்ரம்பெற்கள் வாயை மூடிக்கொள்ளும். நாலு ஹோர்ண்களும் மெட்டை எடுத்துக்கொள்ளும்.

பழைய மார்ச்சுக்கு அவர்கள் வைத்த பெயர் "மணிக்கூடு". அதில் பெரிய குழலான ரியூபா "பூம்" என்னும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஹோர்ண் "பா" என்னும். நாலு நிமிடமும் அதுதான். ஹோர்ண் பிள்ளைகள் "பா"வுக்குப் பதிலாக, ஆமாம் என்று தலையாட்டுவதுபோல், "ஓம்" என்று போட்டுப் பாடுவார்கள். பூம்–ஓம், பூம்–ஓம். அவர்களில் மாளிகாவத்தையிலிருந்து வரும் நிம்றா ஒருநாள் சொன்னாள்: "மிஸ், மூணு வருஷமா ஓம் செல்லிச் செல்லி கழுத்தே நோகுது எனக்கு."

போன கூட்டத்தில் "ஊஞ்சல்" தாளை மேசையில் வைத்தேன். பழைய மாணவர் சங்கத் தலைவர் காசிவிஸ்வநாதன் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர். ஒரு காலத்தில் இதே பாண்டில் முதல் ட்ரம்பெற்.

"புதுசு எதுக்கும்மா? நம்ம ஸ்கூல் மார்ச்னா அதுதான். அதைக் கேட்டாத்தான் எனக்கு நெஞ்சே நிமிருது," என்றார். எல்லாரும் தலையாட்டிச் சிரித்தார்கள்.

எனக்குச் சொல் வரச் சுணங்கும். முதலில் அது உள்ளே கல்லாகக் கிடக்கும். அதைப் புரட்டி எங்கே பிடிப்பது என்று பார்ப்பதற்குள் அவர்கள் சீருடைப் பொத்தான் பற்றிய பேச்சுக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் பிள்ளைகளிடம் முடிவைச் சொன்னேன். நிம்றா கேட்டாள்: "நீங்க ஒண்டும் செல்லல்லயா மிஸ்?"

முதல் ட்ரம்பெற் தர்ஷன் எனக்காகப் பதில் சொன்னான். "மிஸ் என்ன செய்யிறது? அவங்க பெரிய ஆக்கள்."

அந்த இரக்கம்தான் தாங்கமுடியாமல் இருந்தது. ஒரு மாதம் அந்தக் கோபத்தோடு இருந்தேன். பல் தீட்டும்போது இருந்தது. பஸ்ஸில் இருந்தது. புத்தகத்தைத் திறந்தால் ஒரே பக்கத்தை நாலு தரம் வாசித்தேன். அவர்கள்மேல் கோபம், அதைவிட என்மேல்.

அதிபர் வந்தார். பேர்ணடெற் மிஸ் அறிக்கையை வாசித்து முடித்தார். காசிவிஸ்வநாதன் விரலை உயர்த்தி முன்மொழிந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் வழிமொழியேல்லை," என்றேன்.

"என்ன மிஸ்?"

"ஏகமனதாக எண்டு எழுதியிருக்கிறது பொய்."

பேர்ணடெற் மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, நான் பொய் எழுதுவனா? நீங்கள் அண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்லையே!"

"மௌனம் சம்மதம்னு சொல்லுவாங்கம்மா," என்று காசிவிஸ்வநாதன் சிரித்தார்.

"ஆர் சொல்லுவினம்? வாய் மூடாமல் கதைக்கிற ஆக்கள்தான் சொல்லுவினம்."

சிரிப்பு நின்றது. என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் கிறீச்சென்று ஒலித்தது. விளையாட்டு ஆசிரியர் ஸாலிஹ் சேர் நடுவில் வந்தார். "கோவப்படாதீங்க மிஸ். அந்தப் புது மார்ச் ஒரு மாதிரித் தாளம். அணிநடையில புள்ளைகள் கால் மாறிப் போட்டுரும்."

"இடது, வலது. ரெண்டுதான் சேர். பிள்ளையளுக்கும் ரெண்டு கால்தான்."

"அதெல்லாம் சரிம்மா," காசிவிஸ்வநாதனின் குரல் உயர்ந்தது. "முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி நானே இந்த பாண்ட்ல வாசிச்சவன். எது சந்தோஷமான மார்ச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்கள் ட்ரம்பெற். உங்களுக்குப் பின்னால நிண்டு ஹோர்ண் வாசிச்சது ஆர்?"

"அது... எத்தனையோ பேரு."

"ஒராளின்ர பேரைச் சொல்லுங்கோ பாப்பம்."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "நெட்டையா ஒருத்தன் இருந்தான். ஜிந்துப்பிட்டிப் பையன்..." நெற்றியைத் தேய்த்தார். வடைத் தட்டோடு உள்ளே வந்த பியோன் வாசலிலேயே நின்றுவிட்டார். யாராவது பேச்சை மாற்றுவார்கள் என்று காசிவிஸ்வநாதன் காத்திருந்தார். மௌனம் எனக்குப் பழகிய இடம். அவர்களுக்கு அது பழக்கமில்லை. நான் விடவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேரு வரல," என்றார் கடைசியில். "ஊமைன்னுதான் கூப்பிடுவோம்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

"அவன் பேசமாட்டான். அதனால..." அவரும் நிறுத்திக்கொண்டார்.

மேசையை ஓங்கி அடிக்கவேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. கைகளை மடியில் கோர்த்துக்கொண்டேன்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய அதிகாரிகள் வந்தால் அப்படிச் செய்வார். "சரி, இப்பிடிச் செய்வம். பிரதம விருந்தினரைக் கூட்டிக்கொண்டு வர பழைய மார்ச். அணிநடைக்குப் புதுசு. ஸாலிஹ் சேர் வியாழக்கிழமை இல்லங்களை நடத்திப் பாக்கட்டும். கால் பிழைச்சால் பழையதுதான். என்ன மிஸ்?"

பாதிதான், அதுவும் நிபந்தனையோடு. தலையாட்டப் போனவள், "ஓம். இதுக்குச் சம்மதம்," என்று வாயால் சொன்னேன். பேர்ணடெற் மிஸ் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு "ஏகமனதாக" என்ற சொல்லை வெட்டினார். பிறகு என் பெயரையும் வெட்டினார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே மைதானம் கொதித்தது. முதல் சுற்றில் நீல இல்லத்துப் பிள்ளைகள் கால் மாறினார்கள். ஸாலிஹ் சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேளக்காரப் பையனிடம் போய், ஒவ்வொரு இடது காலுக்கும் பெரிய மேளத்தை ஓங்கி அடிக்கச் சொன்னேன். இரண்டாம் சுற்றில் நாலு இல்லங்களும் மேடையை ஒரே காலாகக் கடந்து போயின. ஸாலிஹ் சேர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "நடக்குது மிஸ்," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "அதிபர்ட்ட செல்லுறன்."

பிள்ளைகளை மாமர நிழலுக்குக் கூப்பிட்டு நடுப்பகுதியைத் தனியாக எடுத்தேன். நடந்தபோது மேளச் சத்தத்தில் அதன் கோலம் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. ட்ரம்பெற்கள் ஓய்ந்ததும் நாலு ஹோர்ண்களும் மெட்டுக்குள் தடுக்கி விழுந்தன. ஒன்று முந்தியது, ஒன்று உடைந்தது. பிறகு நாலும் சேர்ந்து, அளவே இல்லாத பலத்தோடு அதை ஊதித் தள்ளின. வீதியில் போன ஓட்டோக்காரர் ஒருவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

தர்ஷன் காதைப் பொத்தினான். "மிஸ், அவங்க வாசிக்கல்ல, கத்துறாங்க! குறைக்கச் சொல்லுங்கோ!"

நிம்றா ஹோர்ணை இறக்கினாள். உதட்டில் வாய்முனையின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருந்தது. குறைக்கச் சொல்லப்போகிறேன் என்றுதான் அவளும் என்னைப் பார்த்தாள். மூன்று வருடங்களாக அவளிடம் நான் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

"கத்தட்டும்," என்றேன். "சுருதி நாளைக்குப் பாப்பம். திருப்பி எடுங்கோ."