முன்னால் இருபத்தைந்து

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையிலிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'புஸ்'. முதலில் முன் சக்கரம், அப்புறம் பின் சக்கரம். இருபத்திரண்டு வருஷமாக என் கணவர் தன் மோட்டார் சைக்கிளில் காற்று பார்த்த சத்தம் அது. அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அடுத்தவர்களைக் கேலி செய்கிறவள். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் போர்வையைக் காது வரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன். எழுந்து போய்ப் பார்க்க ஒரு தடவைகூடத் துணிச்சல் வந்ததில்லை. அவர் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வது என்று பயம். யாருமே இல்லாவிட்டால் என் புத்தி பேதலித்துவிட்டது என்று ஆகிவிடுமே என்று அதைவிடப் பயம்.

அவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பவர். வீடு வீடாகப் போய் எண்ணைப் பார்த்து எழுதுவதுதான் வேலை. மனுஷர் சொல்வதை நம்பமாட்டார், எண் சொன்னால் நம்புவார். கொட்டகைக் கதவின் உள்பக்கம் 'முன்னால் 25, பின்னால் 33' என்று காற்றின் அளவை ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார், ஏதோ மறந்து போகிறவர் மாதிரி. தெருவில் யார் வண்டி நின்றாலும் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பார். "காத்து இல்லாம ஓட்டுறதும் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுறதும் ஒண்ணுதான்" என்பார். தெருவில் அவருக்குக் 'காத்து சார்' என்று பேர். எனக்கு மானம் போகும்.

"பொழுது போகலைன்னா வந்து எனக்குப் பட்டன் தைச்சுக் குடுங்க" என்பேன். நான் வீட்டில் தையல் மிஷின் வைத்துத் தொழில் செய்கிறவள்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால்தான் காற்று பார்க்க வேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்வார். ஏன் என்று விளக்க வாயைத் திறக்கும்போது நான் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவேன். அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அந்த வியாழக்கிழமை அவர் ஒரு பயிற்சி வகுப்புக்குப் பஸ்ஸில் போயிருந்தார். நான் ஒரு லாட்ஜுக்குத் தைத்த திரைச்சீலைகளை மூட்டை கட்டி, அவர் வண்டியில் வைத்து, நாற்பது கிலோமீட்டர் போய்க் கொடுத்துவிட்டு, உச்சி வெயிலில் திரும்பி வந்தேன். வண்டியை நிறுத்தும்போது ஆணியில் தொங்கிய காற்று பார்க்கும் கேஜ் கண்ணில் பட்டது. பேனா மாதிரி இருக்கும். சும்மா விளையாட்டாக எடுத்து வைத்துப் பார்த்தேன். முன்னால் முப்பது. பின்னால் முப்பத்தொன்பது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஊருக்கெல்லாம் உபதேசம், தன் வண்டியில் இந்த லட்சணம். வால்வுக்குள் இருக்கும் ஊசியை நகத்தால் அழுத்தி, விட்டு விட்டுப் பார்த்து, அட்டையில் இருந்தபடியே இருபத்தைந்துக்கும் முப்பத்து மூன்றுக்கும் இறக்கி வைத்தேன். அன்று மாலை அவர் வந்தபோது வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் கேஜும் கையுமாக உட்காரும்போது பக்கத்தில் போய் நின்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி. அதை அவசரப்பட்டுச் செலவு செய்ய மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மழை. பாலத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில் வண்டி சறுக்கி, அவர் தலை நடைபாதைக் கல்லில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது. மழை என்றார்கள். விதி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்து அழுதேன்.

நான்காம் நாள் அவருடன் வேலை பார்த்தவர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். நல்ல மனுஷர். என்ன பேசுவது என்று தெரியாமல் என் கணவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"சார் எங்களுக்கெல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பாருங்க. ஓடி வந்த டயர் பொய் சொல்லும்னு. சூட்டுல உள்ள இருக்கற காத்து உப்பி, அஞ்சாறு கூடக் காட்டுமாம். அதை நம்பி இறக்கிட்டா, ஆறினதும் பாத்தா டயர்ல காத்தே பத்தாதாம். மழையில அது எமன்னு சொல்வாரு. அதனாலதான் காலையில, வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி."

நான் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தட்டு கீழே விழவில்லை. சர்க்கரை போதுமா என்று அவரைக் கேட்டேன். போதும் என்றார்.

அடுத்த வாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி வந்தது. கண்ணாடி உடைந்து, கால் வைக்கும் கம்பி வளைந்திருந்தது. டயர் இரண்டும் முழுசாக இருந்தன. கேஜை எடுத்து ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முன் சக்கரம் இருபத்தைந்து காட்டினால் மழை. இருபது காட்டினால் நான். நான் பார்க்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். டயரில் மாதத்துக்கு ஒன்றிரண்டு தானாகவே இறங்கும் என்று அவர் சொன்னது மட்டும் எப்படியோ என் காதில் விழுந்திருந்தது. சில மாதம் போய்விட்டால் அப்புறம் எந்த எண் வந்தாலும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்காகத்தான் நாளைக் கடத்தினேன். அந்தச் சமயத்தில்தான் சத்தமும் திரும்ப வர ஆரம்பித்தது.

எங்களுக்கு ஒரே மகள். இருபது வயசு, மருந்துக்கடையில் வேலை. அப்பா செத்ததற்கு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்கள் எல்லாம் கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்தார்கள். வீட்டில் அவர் பேச்சை எடுத்தால் எழுந்து வாசல் பக்க அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு விதத்தில் எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. அவள் அழுதிருந்தால் நான் உளறியிருப்பேன்.

போன சனிக்கிழமை கொழுந்தன் போன் செய்தார். "அண்ணி, வண்டி சும்மா நின்னா துருப்பிடிச்சுப் போயிடும். நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கறேன். நான் ஓட்டறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். அன்று தூக்கமே வரவில்லை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள், எனக்குப் படுக்கையிலேயே பயம். வண்டி போய்விட்டால் அவர் எதைத் தேடி வருவார்? ஒருவேளை வீட்டுக்குள்ளேயே வருவாரோ? வண்டி போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பேயாக இருந்தாலும் என் புருஷன்தானே.

ஆறு மணிக்கு முன்பே எழுந்து, பின்கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு இருட்டுப் பிரியாத சமையலறையில் நின்றேன். 'புஸ்' என்றது. கதவைத் திறந்துகொண்டு போனேன்.

கொட்டகையில் என் மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் கேஜ், பக்கத்தில் கால் பம்பு. என்னைப் பார்த்ததும் திருடியவள் போல எழுந்தாள்.

"நீயா?" என்றேன்.

"சித்தப்பா வர்றாருல்ல. அவர் மொதல்ல காத்துதான் பாப்பாரு."

"எத்தனை நாளா இப்படி?"

"ஸ்டேஷன்லேர்ந்து வந்த அன்னைக்கே பாத்தேன்." கேஜை உள்ளங்கையில் உருட்டினாள். "முன்னால இருபதுதான் இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்கே அடிச்சு வச்சுட்டேன். வாரா வாரம் கொஞ்சம் குறையுது, அதான் யாராச்சும் பாத்துடப்போறாங்கன்னு அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

"ஏன்டீ?"

"ஏன்னா? காத்து சார் தன் வண்டியில காத்து பாக்காமச் செத்தாருன்னு தெரு சிரிக்கணுமா?" அவள் குரல் உடையவில்லை, கடுத்தது. "ஊர்ல இருக்கற டயரையெல்லாம் அமுக்கிப் பாத்தாரு. தன் வண்டிய விட்டுட்டாரு. நம்ம ரெண்டு பேரு இருக்கோம்னாவது நெனச்சுப் பாத்தாராம்மா? எனக்கு அவர்மேல வர்ற ஆத்திரத்துல அழுகையே வரல."

இருபது. எட்டு மாதமாக எந்த எண்ணுக்குப் பயந்து ஒளிந்தேனோ அது என் வீட்டிலேயே, என் மகள் வாயிலேயே இருந்திருக்கிறது. கேட்ட பிறகும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். பழி அவர்மேல் தானாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. "விடுடி, எந்திரிச்சு வா" என்று அவளை உள்ளே கூட்டிப்போய்விட்டால் இந்த ஜென்மத்துக்கு யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஒரு அம்மா மிச்சம் இருப்பாள். ஆனால் அப்பா?

"அவர் இல்லடி" என்றேன். "நான்."

வியாழக்கிழமை வெயிலில் வந்தது, முப்பது காட்டியது, நகத்தால் இறக்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் பம்பின் மேல் வைத்திருந்த காலை எடுத்துவிட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

"எதுக்கு ஞாயித்துக்கிழமை?"

"கேலி பண்ண."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வண்டி சீட்டில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "அப்பா" என்றாள். "ஒண்ணுமே பண்ணாத உன்னைப் போய்த் திட்டிக்கிட்டே இருந்தேனேப்பா." அப்புறம் வந்த அழுகை எட்டு மாத அழுகை. நான் தோளைத் தொட்டேன். விலக்கிக்கொண்டாள்.

"என்னைத் தொடாதம்மா."

நான் வண்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அவள் அந்தப் பக்கம். உள்ளே போய் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக்கூட இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஒன்பது மணிக்குக் கொழுந்தன் வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை அனுப்புகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டு, செருமினார். பழக்கதோஷத்தில் குனிந்து முன் டயரை அமுக்கிப் பார்த்தார்.

"பரவாயில்லையே. யாரு காத்து அடிச்சது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா பாத்து வச்சதுதான் சித்தப்பா" என்றாள். "அவர் வண்டியில எப்பவும் சரியாத்தான் இருக்கும்."

சாவியைக் கொழுந்தன் கையில் கொடுத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.