களா விதையும் கடிகாரக்காரரும்

என் வீட்டுக்காரருக்குக் கடிகாரம் பழுதுபார்க்கும் தொழில். எதையும் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. மிக்ஸி, ரேடியோ, என் தையல் மெஷின், எதுவும் தப்பியதில்லை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மண்ணுக்குள் போட்ட விதையிடமும் அதே வேலையைக் காட்ட ஆரம்பித்தபோதுதான் எனக்குத் தலை வெடித்தது.

சங்கதி இதுதான். பக்கத்து வீடு அவருடைய அக்கா வீடு; நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நடுவில் இடுப்பளவு சுவர். அண்ணியின் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே ஒரு களாச்செடி நின்றது. வெயிலோ மழையோ, வருஷம் முழுக்கப் பச்சை. காய் கறுத்துப் பழுத்தால் குருவிகள் வந்து சண்டை போடும். அண்ணி ஜன்னலில் நின்று பஞ்சாயத்து பண்ணுவார். அண்ணி தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து, "முள்ளு சட்டையக் கிழிக்குது, அக்காவுக்கும் இடம் விசாலமாகும்" என்று இவர் ஆள் விட்டு, வெட்டி, வேரையும் தோண்டி எடுத்துவிட்டார். யாரும் கேட்காத உபகாரம்!

அண்ணி வந்தார், பார்த்தார். இவர் எதிரிலேயே நிற்க, என் பக்கம் திரும்பி, "உன் புருஷன்கிட்ட சொல்லும்மா. மறுபடி ஒரு களாச்செடி முளைக்கட்டும், அப்புறம் பேசுறேன்" என்றார். அன்றிலிருந்து நான் தபால்காரி. கேட்டைச் சாத்தச் சொல்லு, மோட்டாரை நிறுத்தச் சொல்லு என்று அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

செடி விற்பவரிடம் போனோம். "நம்ம மண்ணுல தானா வர்றத யாருங்க காசு குடுத்து வாங்குவாங்க? வெளிநாட்டுப் பூச்செடி தரட்டுமா?" என்றார் அவர். நல்லவேளை, வெட்டிப்போட்ட கிளையில் சில பழங்கள் மிச்சமிருந்தன. அதைச் சொன்னதும், "விதையக் காய விடாதீங்க. சதையக் கழுவிட்டு உடனே ஊனிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

இவரும் பல்சக்கரம் கழுவுவதுபோல் கழுவி, ஒரு தொட்டியில் ஊன்றினார். மறுநாள் காலையில் பார்த்தால், கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சின்னத் திருகுகளை எடுக்கும் சாமணத்தால் விதையை வெளியே தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"உள்ள வேலை நடக்குதான்னு பாக்குறேன்."

"அது என்ன கடிகாரமா? மூடுங்க முதல்ல!"

தினமும் இதே கூத்து. கத்தினேன், கெஞ்சினேன், சாமணத்தை ஒளித்துவைத்தேன். கடையிலிருந்து வேறொன்று வந்தது. வாரக்கணக்கில் ஒன்றும் முளைக்கவில்லை. "கடைசி வரைக்கும் அக்கா பேசவே மாட்டாளோ?" என்று ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். பாவமாகவும் இருந்தது, நாலு போடலாம் போலவும் இருந்தது.

பிறகு ஒரு காலையில், "இங்க ஓடி வா! வெள்ளையா வேர் விட்டிருக்கு!" என்று கூவினார். சாமணத்தின் நுனியில் விதை தொங்கியது. நான் வாய் திறப்பதற்குள் அண்ணியின் ஜன்னல் படாரென்று திறந்தது.

"டேய், அறிவுகெட்டவனே! வேர் ஒடிஞ்சிரும்டா! கீழ வைடா அத! தினம் தினம் நீ தோண்டுறதப் பாத்து எனக்கு வயிறு எரியுது. கொண்டாடா அந்தத் தொட்டிய இங்க!"

இவர் விதையை மெதுவாக மண்ணில் வைத்தார். "அக்கா" என்றார். திட்டு வாங்கி ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. தொட்டி சுவர் தாண்டிப் போனது. அப்பாடா, என் தபால் வேலை ஒழிந்தது என்று பெருமூச்சு விட்டேன்.

மறுநாள் காலையில் மறுபடியும் பூதக்கண்ணாடியும் சாமணமுமாகக் குந்தியிருக்கிறார். எதிரில் வேறொரு தொட்டி. அது நிறைய வெறும் மண்.

"அதுல ஒண்ணுமே இல்லையேங்க!"

"தெரியும். நீ சும்மா இரு. அவ இன்னும் ஜன்னலுக்கு வரல."

ஜன்னல் திறந்தது. அண்ணிக்குப் பின்னால், அடுப்படி மேடையில், விதைத்தொட்டி பத்திரமாக இருப்பது எனக்கே தெரிந்தது.

"டேய், இன்னும் என்னத்தடா தோண்டுற?" என்று ஆரம்பித்தார் அண்ணி.

நான் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனேன்.