இனிக்காத பப்பாளி

நன்றாகப் பழுத்த பப்பாளிதான். கத்தி பட்டதுமே சாறு வழிந்தது. மகளோ ஒரு துண்டைக் கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"சப்புனு இருக்குப்பா."

நேற்றைய பழத்துக்கும் இதே பேச்சு. அவள் ரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது, பாட்டில் ஜூஸை விட்டுப் பழம் கொடுங்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பாட்டிலை ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தார்கள். தோழி வீட்டில் ஒளிந்து குடித்தாள். பழமும் இறங்காவிட்டால் என்னதான் செய்வது?

ஜூஸ் கம்பெனியில் சுவை பார்ப்பவர் அப்பா. வேலைப் பையிலிருந்து சர்க்கரைமானியை எடுத்தார். சின்னக் குழல்தான். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சர்க்கரை கூடினால் ஒளி அதிகம் வளையும், உள்ளே தெரியும் நிழல்கோடு மேலே ஏறும். கோடு நல்ல பப்பாளிக்கு உரிய இடத்தில்தான் நின்றது.

ஏதோ உறைக்க, அவரே கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த ஜூஸில் ஒரு சொட்டு விட்டார். கோடு பழத்தைத் தாண்டி மேலே போய் நின்றது.

"என்னங்க, பழம் மோசமா?" என்றாள் மனைவி.

"பழம் நல்லாத்தான் இருக்கு. இவ நாக்கைத்தான் நாங்க பழக்கிட்டோம்."

"நாங்கன்னா?"

"ருசி பாக்க ரெண்டு கப் குடுத்தா ஜனங்க கொஞ்சம் தித்திப்பா இருக்கறதைத்தான் எடுப்பாங்க. அதனால வருஷா வருஷம் ஒரு துளி ஏத்துவோம். நாக்குக்குத் தெரியவே தெரியாது. அடுத்த வருஷம் அதுவே சாதாரணமாயிடும், மறுபடி ஏத்துவோம். எவ்வளவு ஏத்தினா தெரியாதுன்னு சொல்றதுதான் என் வேலை."

"கம்பெனியில உங்களுக்கு அந்தக் கேடயம் குடுத்தது இதுக்குத்தானா? தெருவெல்லாம் காட்டினீங்களே!"

அவருக்கு முகம் சுண்டிப்போனது. அலமாரியிலிருந்த கேடயத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்பா, ஜூஸ்!" உள்ளேயிருந்து குரல்.

பாட்டிலில் கொஞ்சத்தைக் கொட்டிவிட்டு, அதே அளவு குடிநீர் ஊற்றிக் குலுக்கி ஒரு வாய் பார்த்தார். வித்தியாசம் தெரியவில்லை. டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

"ஆங், இதான் ஜூஸ்!" மகள் நாக்கைச் சப்புக்கொட்டினாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏற்றிய வழியிலேயே இறக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு துளி தண்ணீர் கூடுதலாக, நாக்குக்குத் தெரியாத அளவில், பப்பாளி இனிக்கும்வரை.