வரதட்சணை வாங்காத சம்பந்தி

நிச்சயதார்த்தத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தபோதே சௌமியா பாய்ந்து அதன் விளிம்பைப் பிடித்துவிட்டாள். வெற்றிலையும் பூவும் சரிந்தன. நடுவிலிருந்த காசோலை மட்டும் அசையவில்லை. அதன்மேல் தேங்காயை வைத்திருந்தார்கள்.

தட்டின் ஒரு பக்கம் அவள் அப்பா பஞ்சாட்சரம். மறுபக்கம் மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரம். ஆம்பூர் வாடகை வீட்டின் சின்னக் கூடத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நெருக்கியடித்து நின்றார்கள்.

"கண்ணு, கைய எடுமா. நல்ல நேரம் முடியப் போவுது," என்றார் பஞ்சாட்சரம்.

"எடுத்துடறேம்பா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு."

"இன்னாம்மா இது?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா பத்மாவதி. "நிச்சயத்துல பொண்ணே வந்து தட்டப் புடிக்கிற வழக்கம் உங்க பக்கம் உண்டா?"

வரதட்சணை வாங்குவது கேவலம் என்று சொல்லிக்கொண்டே குடியாத்தத்திலிருந்து காரேறி வந்த குடும்பம் அது. ஒரு பைசா வேண்டாம், நகைகூட உங்கள் இஷ்டம் என்றார்கள். பஞ்சாட்சரத்துக்குத் தோல் பதனிடும் டேனரியில் கிடைத்த பி.எஃப். பணத்தை மட்டும், பெண் பேரிலேயே, மாப்பிள்ளை மேனேஜராக இருக்கும் கம்பெனியில் டெபாசிட் போட்டுவிட வேண்டும். வட்டி மாதாமாதம் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். அவ்வளவுதான். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி இறங்கித் தோல் தூக்கிய மனிதருக்கு மிஞ்சியது முட்டி வலியும் அந்தக் காசோலையும்தான்.

சௌமியா மாப்பிள்ளை நவீன்குமாரிடம் திரும்பினாள். "உங்க கம்பெனி இன்னா வேல செய்யுதுங்க?"

கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த நவீன்குமார் புன்னகைத்தான். "ஜெனித்தாரா குளோபல் ஹோல்டிங்ஸ். பதினோரு நாட்டுல ஆபீஸ் இருக்கு."

"அது பேருங்க. வேல?"

"வெல்த் சொல்யூஷன்ஸ். மல்டி அசெட். இங்க வர்ற ஃபண்ட வெளில பொசிஷன் எடுத்து, ஹெட்ஜ் பண்ணி, ரிட்டர்னா உள்ள கொண்டு வர்றோம்."

"பெரிய கம்பெனிதான் போல," என்றாள் சௌமியாவின் சித்தி பக்தியோடு. "ஒண்ணுமே புரியல பாரு."

இந்தப் பக்கத்தில் கம்பெனி என்றால் ஏதாவது ஒரு பொருள் கேட்டைத் தாண்டி வெளியே வரும். சோல் வரும், கையுறை வரும், பசை டின் வரும். எந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறதென்று மூக்கே சொல்லிவிடும். ஜெனித்தாராவுக்கு வாசனையே கிடையாது. அதற்கு இருந்ததெல்லாம் ஏசியும், கண்ணாடிக் கதவும், விளம்பரத்தாளில் பல்லைக் காட்டும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பமும்தான். புரியவில்லை என்று சொன்னால் படிக்காதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தே பாதித் தெரு அதில் பணம் கட்டியிருந்தது.

"ஷூ கம்பெனில மிஷின் ஓட்டற பொண்ணுக்கு ஃபைனான்ஸ் எங்க புரியப் போவுது?" என்றாள் பத்மாவதி. "டேனரிக்காரன் வீட்டுல சம்பந்தமே வேணாம்னு எங்காளுங்க தலபாடா அடிச்சிக்கினாங்க. அந்த வாடையையும் பொறுத்துக்கினு வந்தோம் பாரு."

"செக்குல வாடை அடிக்கலீங்களா அத்தை?"

பஞ்சாட்சரம் தலை குனிந்துகொண்டார். அம்மா வள்ளியம்மாள் ஓடிவந்து மகளின் முழங்கையைப் பிடித்தாள். "பேஜார் பண்ணாதடி. இந்த இடமும் தட்டிப் போச்சுன்னா தெருவுல தல காட்ட முடியாது."

சௌமியா கையை விடுவித்துக்கொள்ளவில்லை, தட்டையும் விடவில்லை. தட்டின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த ஏகாம்பரத்தை நேராகப் பார்த்தாள். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர்.

"மாமா, போன வருஷம் நீங்க ரிடையர் ஆனப்ப நல்ல தொகை வந்துச்சுன்னு தரகர் சொன்னாரு. உங்க பணத்தையும் இதுலதான போட்டிருப்பீங்க? வட்டி ஒழுங்கா வருதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. வருதுன்னா இப்பவே கைய எடுத்துடறேன்."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் பத்மாவதி கணவரிடம்.

"அப்பா," என்றான் நவீன்குமார், மிக மெதுவாக. அவன் முகத்தில் அந்தப் புன்னகை இல்லை.

ஏகாம்பரம் மகன் பக்கம் திரும்பவில்லை. பஞ்சாட்சரத்தின் சுண்ணாம்பில் வெந்துபோன விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டிலிருந்து தன் கையை எடுத்தார்.

"நானும் போடலாம்னுதான்மா போனேன். போஸ்டாபீஸ்லயே கெடக்கட்டும்பா, இதுல மட்டும் போட்டுடாதன்னு இவன்தான் என்னத் தடுத்துட்டான்."