இரண்டாம் சங்கு

அந்த வருடம் போர்வீரர் நினைவு நாளில் நாற்சந்தியில் தொடங்கிய இரண்டு நிமிட மௌனம் இன்றுவரை முடியவில்லை. கூட்டம் தலைகுனிந்து நின்றது, நேரமானதும் நிமிர்ந்தது, பக்கத்தில் இருப்பவரிடம் வெயிலைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. வாய் அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை. வாத்தியக்காரர்கள் கன்னம் உப்ப ஊதினார்கள், காற்றுதான் போனது. நகராட்சித் தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, மின்சாரக்காரரைத் திட்டினார். அந்தத் திட்டும் யாருக்கும் கேட்கவில்லை. மின்சாரக்காரர் பிழைத்தார்.

மௌனத்துக்கு எல்லை இருந்தது. மருந்துக்கடைப் படியில் தொடங்கி, நினைவுத் தூணைச் சுற்றி, மீன் கடைகளைக் கடந்து, முடிதிருத்தகத்தின் கடைசி நாற்காலியைப் பாதி வெட்டிக்கொண்டு போனது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ரேடியோ இடது காதில் மட்டும் கேட்டது. நாற்சந்திக்குள் வந்த நாய்கள் குரைத்துப் பார்த்து, ஒன்றும் வராமல் வெட்கப்பட்டுத் திரும்பின. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் சண்டை போடுவதற்கென்றே அங்கே வந்தார்கள். தூணருகே நின்று ஆசை தீரக் கத்திவிட்டு, யார் என்ன சொன்னார் என்று தெரியாததால் கைகோத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வெளியூரிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் கருவிகளோடு வந்து அளந்தார்கள், தங்களுக்குள் வாதாடினார்கள், ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்காமல் எல்லைக்கு வெளியே இருந்த டீக்கடைக்குப் போய்ச் சமாதானமானார்கள்.

இந்த ஊரில் எல்லோரும் பட்டாளத்தார் என்று அழைக்கும் ஒருவர் இருந்தார். போரில் அவருக்கு அருகே குண்டு விழுந்து ஒரு காது போயிற்று. மிச்சமிருந்த காதில் ஒரு ரீங்காரம் ஏறி உட்கார்ந்தது, இரவும் பகலும் இறங்கவில்லை. ஊர் அவருக்கு மரியாதை செய்யாமல் இருந்ததில்லை. அதைச் சொல்லாவிட்டால் பாவம். வருடா வருடம் நினைவு நாளில் அவரை மேடையேற்றி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, காது கிழிய வாத்தியம் முழங்கி, வானத்தை நோக்கி வேட்டும் போட்டார்கள். வேண்டாம் என்றால் இறந்துபோன தோழர்களை அவமதித்தது போலாகிவிடும் என்று அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். பிறகு வீட்டுக்குப் போய்த் தலையணைக்கு அடியில் தலையை வைத்துக்கொள்வார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தராவது அவரைக் கேட்டோமா? கேட்கவில்லை. நன்றி சொல்வதிலேயே மும்முரமாக இருந்தோம்.

மௌனம் தங்கிச் சில நாள் கழித்து அவர் செருப்பு வாரைச் சரிசெய்யத் தூணருகே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். காதிலிருந்த ரீங்காரம் நின்றது. குனிந்தவர் அப்படியே சாய்ந்து சாயங்காலம்வரை தூங்கினார். தேடிக்கொண்டு வந்த மனைவி, ஆள் போய்விட்டார் என்றே நினைத்துவிட்டாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு சூடாக வந்தது, வாய் பிளந்திருந்தது. போரிலிருந்து திரும்பிய பிறகுதான் அவரைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் அசந்து தூங்கி அவள் பார்த்ததே இல்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து சாப்பாட்டுத் தூக்கும் தலையணையுமாக அவரைக் கூட்டிவந்து விட்டுப் போனாள். அவர் முகத்தில் சதை பிடித்தது. ஒரு நாள் அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அவள் அதைப் பக்கத்து வீடு, எதிர்வீடு என்று தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

ஆனால் ஊர் பிழைக்க வேண்டாமா? மீன் கடைக்கார அக்காவுக்குக் குரல்தான் கடைப் பலகை. அவள் கூவினால் ரயிலடியில் இறங்குகிறவர்கூடப் பை எடுத்துக்கொண்டு வருவார். இப்போது வாய் வலிக்கக் கூவியும் மீன் கூடையிலேயே கிடந்து நாறியது. அவள் வியாபாரிகளையெல்லாம் திரட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனாள். தலைவருக்கும் மனக்குறை இருந்தது. அடுத்த நினைவு நாள் பேச்சை அவர் ஏற்கெனவே கண்ணாடி முன்னால் பேசிப் பழகியாகிவிட்டது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. நகராட்சி மாடியில் இருக்கும் மின்சாரச் சங்கு மௌனம் தொடங்க ஒரு முறையும், முடிக்க ஒரு முறையும் ஊத வேண்டும். அது இந்த ஊர் முறை. அந்த வருடம் இரண்டாம் சங்கு ஊதப்படவே இல்லை. முடிக்காத மௌனம் எப்படி முடியும்?

சங்குக்காரரைக் கூப்பிட்டார்கள். அதே போரில் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். தம்பியின் உடல்கூட வரவில்லை, பெயர் மட்டும் தூணில் ஏறியது. தலைவர் மேசையைத் தட்டி ஏன் ஊதவில்லை என்று கேட்டார்.

"அவன் ஞாபகமாவே உக்காந்திருந்தேன் சார். ரெண்டு நிமிஷம் பத்தலை."

தலைவர் மேசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் ஊதிவிடுவது என்று முடிவானது. பட்டாளத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமென்று போய், அவரை எல்லைக்கு வெளியே டீக்கடைக்குக் கூட்டிவந்தார்கள். சொன்னதை அவர் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டார். "தாராளமா ஊதுங்க, ஊருக்குப் பொழப்பு நடக்கணும்ல" என்றார். அன்றைக்கே பெஞ்சிலிருந்து தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சங்குக்காரர் மாடியேறியபோது பட்டாளத்தாரின் மனைவி சுவிட்சுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றிருந்தாள். தலைவர் வந்து நயமாகச் சொன்னார், பயமுறுத்தியும் பார்த்தார். அவரே சம்மதித்துவிட்டாரே அம்மா என்றார்.

"அவரு சம்மதிப்பாரு. அவருக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். ஒரு தடவை உங்களுக்காகப் போயி காதைக் குடுத்துட்டு வந்தாரு, இப்பத் தூக்கத்தையும் கேக்குறீங்க. நான் சம்மதிக்கல. என்னை இழுத்துப் போட்டுட்டு ஊதுங்க."

மீன் கடைக்கார அக்கா அவளை நாலு கேள்வி கேட்பதற்காகத்தான் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். வந்த வேகத்தில் நின்றாள்.

"என்னது, தூக்கமா? எத்தனை நாளா தூங்கலை அவரு?"

"நான் வாக்கப்பட்டு வந்ததுலேருந்து தூங்கலக்கா."

"அடிப்பாவி, இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னடி? வருஷா வருஷம் அந்த மனுஷன் காதுக்குள்ள வேட்டு வச்சிருக்கோம்!" அக்கா வியாபாரிகள் பக்கம் திரும்பினாள். "எவனும் சுவிட்சுல கை வைக்கக் கூடாது. நான் கை ஜாடையில வித்துக்கிறேன், போங்கடா."

அக்கா சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து நாற்சந்தியில் வியாபாரம் கையால் நடந்தது. மீனுக்கு ஒரு ஜாடை, செதில் எடுக்க ஒரு ஜாடை, நேற்றைய மீனைத் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்பதற்கு இரண்டு கையும் இடுப்பும் சேர்ந்த பெரிய ஜாடை. தலைவரின் பேச்சு பள்ளி மைதானத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே அவர் இரண்டு வருடப் பேச்சையும் சேர்த்துப் பேசினார். பட்டாளத்தார் அந்த நினைவு நாளை நன்றாகக் குறட்டை விட்டுக் கழித்தார் என்று அவர் தொண்டை அசைவைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். செய்தி பரவி, வேறு ஊர்களிலிருந்தும் பழைய பட்டாளத்துக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். தச்சர்கள் தாங்களாகவே பெஞ்சுகள் செய்து போட்டார்கள். வண்டிகள் தூங்குகிறவர்களைச் சுற்றிக்கொண்டு போகப் பழகின. வருடங்கள் ஓடின. பட்டாளத்தார் ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போனார். அதன் பிறகும் அவர் மனைவி தலையணைகளோடு வருவதை நிறுத்தவில்லை. சுவிட்சின் மேல் தூசி படிந்தது.

பிறகு ஒரு நாள் காலை பஸ்ஸிலிருந்து ஒரு வயதானவர் இறங்கினார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். தோளில் தொங்கிய பையில் தைத்திருந்த சின்னத்தைப் பார்த்ததும் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். எதிர்ப்படையின் சின்னம் அது. இவர்களை அவர்களும் அவர்களை இவர்களும் கொன்ற போர். வந்தவர் யாரையும் பார்க்காமல் நாற்சந்திக்குள் போய், கைப்பிடியில்லாத ஒரு பெஞ்சில் பூட்ஸைக் கழற்றாமலேயே படுத்துக்கொண்டார். மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த சங்குக்காரரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். நகராட்சி மாடிப் படியேறினார். சங்கு அறையின் ஜன்னல் திறந்தது. ஊதினால் யாரும் அவரைக் குறை சொல்லப் போவதில்லை என்று ஊருக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பட்டாளத்தாரின் மனைவி கையில் ஒரு தலையணையோடு நடுத்தெருவில் நின்றாள். இந்த முறை அவள் மாடியேறவில்லை.

ஜன்னலிலிருந்து பார்த்தால் பெஞ்சு நன்றாகத் தெரியும். அந்த ஆள் இரண்டு கைகளாலும் காதுகளை இறுக்கிப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார். சத்தமே இல்லாத இடத்தில் அப்படிப் பொத்திக்கொண்டிருந்தார். சங்குக்காரர் ஒரு கையைச் சுவிட்சில் வைத்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். வெயில் தூணின் நிழலைச் சுருக்கியது. முதலில் வலது கை தளர்ந்து கன்னத்தில் நழுவியது. வெகுநேரம் கழித்து இடது கையும் நழுவி, பெஞ்சுக்கு வெளியே தொங்கியது.

சங்குக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டு இறங்கி டீக்கடைக்கு வந்தார். முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சூடா ஒரு டீ போட்டு வைப்பா. அந்தாளு எழுந்தா குடுக்கணும்."

"எப்ப எழுந்திரிப்பாரு?"

"எனக்கென்ன தெரியும்? ஆறிப்போனா வேற போடு."

டீக்கடைக்காரர் அன்று பொழுது சாயும்வரை ஆறிய டீயைக் கீழே ஊற்றி ஊற்றி, சூடாக வேறு போட்டுக்கொண்டிருந்தார்.