எட்டு மாத வட்டி

கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுக்கும்போது கிருபாகரனின் முழங்கை சுவரில் உரசித் தோல் பிய்ந்தது. முன்னறையில் அவன் அக்கா மார்கரெட் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். சர்ச் கமிட்டியிலிருந்து வந்த தாவீது வாசலில் நின்று அவசரப்படுத்தினார்.

"சந்தா அட்டை கெடச்சுதா கிருபா? அது இல்லாம கல்லறையில எடம் எழுத மாட்டாங்க. நாலு மணிக்கு எடுக்கணும்."

"தேடிக்கினுதான் கீறேன் அண்ணே."

அக்கா மாதம் தவறாமல் சந்தா கட்டுகிறவள். எதிலும் ஜாக்கிரதை. அந்த ஜாக்கிரதையால்தான் பத்து வருஷமாக அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர்கள் அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவள். வேலையில் இருக்கும்போதே இறந்துபோனாள். வாரிசு வேலை மார்கரெட்டுக்குக் கிடைத்தது. அம்மா இறந்ததற்கு வந்த பணத்தில் நாற்பதாயிரத்துக்குத் தபாலாபீசில் கிசான் விகாஸ் பத்திரம் வாங்கினார்கள். ஐந்தரை வருஷத்தில் இரட்டிப்பு. அக்கா, தம்பி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணத்தை எடுக்க முடியும்.

தொண்ணூற்றேழில் செங்கல்பட்டு பஜாரில் ஒரு பைனான்ஸ் கம்பெனி திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, உள்ளே போனால் கூல்டிரிங்க்ஸ். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. கருங்குழியில் ஒயரிங் வேலை செய்துகொண்டிருந்த கிருபாகரனுக்கு அந்த எண்ணூறு ரூபாய் ஒரு மாதக் குடித்தனத்தில் பாதி. பத்திரத்தை உடைக்கலாம் என்று மே மாதம் வந்து கேட்டான். மார்கரெட் கையெழுத்துப் போடவில்லை.

"கொயந்த துட்டுடா அது. நாளைக்கு உன் பொண்ணு கவியா படிக்கறதுக்கு. அதுல நான் கைய வெக்க மாட்டேன்."

"வேலையும் உனக்கு, துட்டுக்கும் நீதான் பூட்டா? நீ செத்தாக்கூட இந்தப் பக்கம் வரமாட்டேன், போ."

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கம்பெனி மூடிக்கொண்டது. அவனும் போய்க் கூட்டத்தில் நின்று பார்த்தான். ரிட்டையரான வாத்தியார் ஒருவர் ரோட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அப்படியே நடந்து அக்கா வீட்டுக்குப் போய், நீ சொன்னதுதான் சரி என்று சொல்லியிருக்கலாம். 'நான் அப்பவே சொல்லல?' என்று கேட்டுவிடுவாளே என்றுதான் போகவில்லை.

பத்திரம் முதிர்ந்தபோது தபாலாபீஸ் கவுண்டரில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். முழுதையும் கவியா பேருக்குத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு அவள் டூட்டிக்குப் போய்விட்டாள். குத்திக்காட்டவில்லை. அந்தப் பணத்தில்தான் கவியா இன்ஜினியரிங் படித்தாள். போன மாதம் சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளம் வந்ததும் மகளோடு வந்து, உன்னால்தான் அக்கா என்று அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தான். நேற்று டூட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மார்கரெட் எழுந்திருக்கவில்லை.

சவப்பெட்டியை மூடுவதற்குள்ளாவது சொல்லிவிட வேண்டும். காலையிலிருந்து மூன்று தடவை பக்கத்தில் போய் நின்றும் வாய் வரவில்லை.

தகரப் பெட்டியில் வேதாகமத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் சந்தா அட்டை இருந்தது. கூடவே மடித்த வழவழப்பான தாள் ஒன்று. பக்கத்தில் நின்ற கவியா அதைப் பிரித்தாள்.

"அப்பா, டெபாசிட் ரசீதுப்பா. பதினஞ்சாயிரம். இருபத்திநாலு பர்சென்ட். நீ சொல்லுவியே, அந்த கம்பெனிதானே இது?"

வாங்கிப் பார்த்தான். அக்காவின் பெயர்தான். மார்ச் தொண்ணூற்றேழு. அவன் வந்து சண்டை போட்டதற்கு இரண்டு மாதம் முன்பு.

பவுடர் டப்பா எடுக்க உள்ளே வந்த ஞானம்பாள் எட்டிப் பார்த்தாள். மார்கரெட்டோடு பன்னிரண்டு வருஷம் ஒரே வார்டில் வேலை பார்த்தவள்.

"அடிப்பாவி, இத்த இன்னும் தூக்கிப் போடலியா இவ?"

"இன்னாக்கா இது? என்னைப் போடாதன்னு சொல்லிட்டு..."

"அவ சீட்டுத் துட்டுப்பா அது. நானும் பத்து போட்டேன்."

"அவ்ளோ வட்டி குடுத்தா ரிஸ்க்குன்னு அத்தைக்குத் தெரியாதா?" என்றாள் கவியா.

"தெரியாம இன்னா? வார்டுல ஒரு பேங்க் ஆபீசரு படுத்துகினு இருந்தாரு, அவராண்ட கேட்டா. போனா திரும்பாதும்மான்னாரு. போனா நான் ரெண்டு வருசம் ஓவர்டைம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு தன்னோடத மட்டும் எடுத்தாந்தா. தபாலாபீசுல சும்மாதானே கெடக்குது, அந்த துட்டையும் போடேன்டின்னு நான்தான் உசுப்புனேன். அது கவியாதுன்னா. அதோட அந்தப் பேச்சையே எடுக்க வுடல."

கிருபாகரன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"எட்டு மாசம் வட்டி வந்துச்சுப்பா. பொய் சொல்லக்கூடாது. வட்டி வாங்குன அன்னிக்கு ரெண்டு பேரும் மகாபலிபுரம் பஸ் ஏறிடுவோம். வறுத்த மீனு துன்னுட்டு, உங்கக்கா முட்டி வரைக்கும் கடல்ல எறங்கி நின்னுகினு, 'ஞானம், முதலாளியம்மா மாதிரி கீறனா பாரு'ம்பா. எங்கள அதட்டி வேலை வாங்க ஒரு நர்ஸம்மா கெடையாது அங்க."

"ஒம்போதாவது மாசம்?"

"ஷட்டரு. உன்னையும் பாத்தோமே அன்னிக்கு. கூட்டத்துல நீ நின்னுகினு இருந்தியா, என் முந்தானைய இழுத்து மூஞ்ச மூடிகினா."

"என்னாண்ட சொல்லியிருக்கலாமே."

"நீ சிரிப்பியாம். 'அவன் என்னைப் பெரிய புத்திசாலின்னு நெனச்சுகினு கீறான், அப்படியே இருந்துட்டுப் போவட்டும்'ம்பா. துட்டு போன துக்கத்த வுட அந்த பேஜாருதான் அவளுக்கு."

வாசலிலிருந்து தாவீது மறுபடி கூப்பிட்டார். கவியா அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் முன்னறைக்கு வந்தான். அதற்குள் மார்கரெட்டை மரப்பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். ஞானம்பாள் அவள் கழுத்தில் பவுடர் ஒற்றினாள். போதகர் ஜெபம் முடித்தார். பெட்டி செய்து கொண்டுவந்தவர் மூடியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"மூஞ்சி பாக்கறவங்க பாத்துக்குங்க."

கவியா முத்தம் கொடுத்துவிட்டு விலகினாள். கிருபாகரன் பெட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். இத்தனை வருஷமாக வைத்திருந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

"யக்கா," என்றான். "மீனு நல்லா இருந்துச்சா?"

பிறகு அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மூடியைத் தூக்கி வந்தவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார்.