நடுத்திட்டுக்கு ஒரு தடம்

அன்று காலை ராமாமணிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மூன்று வருடமாக மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகு, ஒருவழியாக வனத்துறை ரேஞ்சர் நேரில் வந்து பார்க்கச் சம்மதித்திருந்தார். சிங்காநல்லூரில் இருட்டோடு காரை எடுத்தவள், உடுமலைப்பேட்டை தாண்டி, தாராபுரம் ரோட்டில் இருக்கும் காரைக்காட்டுக் குளத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டுகூட ஆகவில்லை.

அந்தக் குளத்தின் நடுவில் ஆறு ஏக்கருக்கு ஒரு திட்டு உண்டு. ஊர்க்காரர்கள் நடுத்திட்டு என்பார்கள். மேலெல்லாம் சீமைக் கருவேல முள். உள்ளே ஓர் ஆடுகூட நுழையாது. அதனாலேயே மஞ்சள்மூக்கு நாரைகள் வருடா வருடம் வந்து அந்த முள்மரங்களின் உச்சியில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர் காவல். சித்திரை வெயிலில் வடக்குப் பக்கம் வற்றி வெடித்துவிட்டால் கரையிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இப்படி ஓர் இடம் இருந்தால் யாருக்காவது கண் உறுத்தாமல் இருக்குமா? திட்டின் மேல் ஓட்டலும் படகுத்துறையும் கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. ராமாமணி அதை எதிர்த்தாள். மில் குடும்பத்து மருமகளுக்குப் பொழுது போகவில்லை, கொக்கு எண்ணப் போகிறாள் என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அதிகாரிகளைத்தான் அப்படி விட முடியவில்லை. போட்டோவை எந்த ஊரிலும் எடுக்கலாம், கூடு இருப்பதை எங்கள் ஆள் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். போன வருடம் ஒருவர் வரவும் செய்தார். பாதி வழியில் செருப்பைத் துளைத்து முள் ஏறியது. நொண்டிக்கொண்டே திரும்பிப் போய், அணுக முடியாத இடம் என்று எழுதிவைத்தார்.

அதனால்தான் இந்த முறை பாலுசாமிக்குப் போன் செய்தாள். குளத்துக் கரையை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருக்கும் கவுண்டர். ஆரம்பத்திலிருந்து அவள் பக்கம் நின்ற ஒரே உள்ளூர்க்காரர். காபி கேட்டால் டிபனும் போட்டு, கிளம்பும்போது காரில் இளநீர்க் குலையும் ஏற்றி அனுப்புகிற மனிதர். கேட்டதை மட்டும் செய்து கொடுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஆபீசர் நடந்து போக ஒரு தடம் போட்டு வையுங்கள் என்று ராமாமணி சொன்னாள். அதுக்கென்னங்க, ஜமாய்ச்சுப்போடறேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவளும் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டாள்.

கரையில் பாலுசாமி வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி முத்தாத்தாள், இட்லிப் பாத்திரமும் மோர்த் தூக்குமாக. வெடித்த சேற்றின் மேல் செம்மண் கொட்டி, லாரி போகிற அகலத்துக்கு ஒரு சாலையே போட்டிருந்தார்கள். அதன் முனையில் வாழைமரம் கட்டி, ‘வருக வருக’ என்று ஒரு பிளக்ஸ். ராமாமணி அதைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் வெறும் வானம் தெரிந்தது. அங்கே வானம் தெரியக் கூடாது.

திட்டு மொட்டையாக இருந்தது.

கால் தன்னால் நடந்தது. நேற்றுக் கிளறிய மண்ணின் வாசனை இன்னும் போகவில்லை. தரையைப் பரம்படித்தது போலச் சமன் செய்து, வரிசை பிடித்து வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் நட்டு, ஒவ்வொன்றுக்கும் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டிருந்தார்கள். நிழலுக்கு ஒரு சாமியானா. ஆபீசர் உட்கார நாற்காலி.

“அண்ணா, மரமெல்லாம் எங்கண்ணா?”

“ரெண்டே நாளுங்க அம்மணி,” என்றார் பாலுசாமி. முகமெல்லாம் பூரிப்பு. “ரெண்டு ஜேசிபி உட்டு வேரோட எடுத்துப்போட்டோம். எத்தன வருசத்து முள்ளு தெரியுங்களா? இனி உங்க பறவைக நல்ல மரத்துல வந்து உக்காரட்டுமுங்க.”

ஊர் ஊராகச் சீமைக் கருவேலத்தை ஒழிக்க ஆள் திரட்டுகிற காலம் இது. குளத்தில் முள் எடுத்தவனுக்கு மாலை போடுவார்கள். பாலுசாமி அந்தப் புண்ணியத்தைத்தான் அவளுக்காகச் செய்திருக்கிறார். கூடு இருந்ததே அந்த முள்ளில்தான் என்று ஒரு நாளாவது அவரை உள்ளே அழைத்துப்போய்க் காட்டினாளா? இல்லை. குளத்தங்கரையில் பிறந்தவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டாள். கிரகச்சாரம் என்று தலையில் அடித்துக்கொள்ளக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

குஞ்சுகள் என்ன ஆயின என்று எப்படியோ கேட்டுவிட்டாள். அவர் தேங்காய் லோடோடு வெளியூர் போயிருந்தாராம். கொஞ்சம் குஞ்சு விழுந்துவிட்டது என்று ஜேசிபி டிரைவர் போன் செய்தானாம். ஓரமாக எடுத்து விடு, தாய் வந்து கூட்டிக்கொண்டு போய்விடும் என்று சொன்னாராம். கோழி வளர்த்த மனிதர், வேறென்ன சொல்வார்? இந்தக் குஞ்சுகளுக்கு நடக்க வராது, பறக்க இன்னும் ஒரு மாதம் ஆகும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

பிடுங்கிய முள்ளையெல்லாம் திட்டின் தெற்கு ஓரத்தில் குவித்திருந்தார்கள். முன்னால் ராமாமணி போனாள், பின்னால் அவர். குவியலை ஒட்டி, அவர் சொன்னபடியே டிரைவர் குஞ்சுகளை வரிசையாக எடுத்து வைத்திருந்தான். இரண்டு நாள் வெயில். ஒன்றுகூட அசையவில்லை. குவியலுக்குள்ளும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. பாலுசாமி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அதன் கழுத்து தொங்கியது. அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“இத்தனையாங்க இருந்துச்சு?” என்றார்.

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. ரேஞ்சர் கலீல் ரஹ்மான் சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. முத்தாத்தாள் அவரைச் சாமியானாவிலேயே மடக்கி, வெயிலுக்கு மோர் குடிங்க கண்ணு என்று டம்ளரைக் கையில் திணித்திருந்தாள். குவியலின் பின்பக்கம் அங்கிருந்து தெரியாது. ராமாமணி வந்ததும் அவர் சங்கடத்தோடு பைலைத் திறந்தார்.

“மேடம், பார்த்ததத்தான் நான் எழுத முடியும். இங்க ஒரு கூடும் இல்ல. இப்படியே எழுதினா கம்பெனிக்கு அனுமதி போயிடும். கூடு இருந்துச்சுன்னு காட்ட ஏதாவது இருக்கா?”

இருந்தது. முப்பது அடி தள்ளி இருந்தது. அதைக் காட்டினால் திட்டு பிழைக்கும். ஆனால் அழித்தது யார் என்று அடுத்த வரியிலேயே எழுதியாக வேண்டும். வனவிலங்குச் சட்டம், கைது, கோர்ட்டு. மூன்று வருடம் தன்னோடு நின்ற மனிதரை, தனக்காக இதைச் செய்த மனிதரை, தானே கைகாட்டிக் கொடுக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டால் அவர் தப்பிப்பார், குஞ்சுகளின் மேல் ஓட்டல் வரும். ராமாமணிக்கு அந்த நிமிடம் செத்துப்போனால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

“அந்தக் குவியலுக்குப் பின்னால வந்து பாருங்க சார்,” என்றாள். “வழி போடச் சொன்னது நான்தான். என் பேரை எழுதிக்கங்க.”

ரேஞ்சர் போய்ப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து, உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். பாலுசாமி அவர் முன்னால் வந்து நின்றார்.

“அம்மணி தடந்தானுங்க கேட்டாங்க,” என்றார். “காட்டை எடுத்தது நானுங்க. மிசினு நான் உட்டது, காசு நான் குடுத்தது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு எழுதிப்போடாதீங்க.”

முத்தாத்தாள் என்ன ஏதென்று புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரேஞ்சர் தலை நிமிராமல் எழுதினார். இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். இனி இந்தத் திட்டில் யாரும் செங்கல் வைக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். ராமாமணி மூன்று வருடமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது.

வெயில் ஏறியது. தெற்கிலிருந்து ஒரு நாரை வந்தது. திட்டைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, கடைசியில் பாத்திகளுக்கு நடுவே வெறுந்தரையில் இறங்கியது. சற்று நேரம் நின்று பார்த்தது. பிறகு கழுத்தைத் தாழ்த்தி, தொண்டையில் கொண்டுவந்த தண்ணீரைத் தரையில் கொட்டியது.

“அது என்ன பண்ணுதுங்க அம்மணி?” என்று பாலுசாமி கேட்டார்.

“குஞ்சுகளுக்குச் சூடு தாங்காது. தண்ணி கொண்டுவந்து மேல ஊத்தும்.”

“அதோட கூடு அங்கதான் இருந்துச்சுங்களா?”

“ஆமாங்கண்ணா. அதுக்கு நேர் மேல.”

பாலுசாமி வெள்ளை வேட்டியோடு அந்த மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நாரை பறந்து போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தண்ணீரோடு வந்தது.